ஈப்புலிச் சிலந்தி

சுவரில் ஈயின்மேல் பாயும் சிறு சிலந்தியை ஈப்புலி என்பர். இவற்றுள் பிளெக்ஸிப்பஸ் என்பது 1846-ஆம் வருஷத்தில் பெயரிடப்பட்ட ஓரினம். அதன் பேகுல்லி என்னும் ஜாதி உஷ்ணப் பிரதேசங்களெங்கும், விசேஷமாகக் கட்டடங்களில், விளக்கொளிக்கு வரும் பூச்சிகளைத் தின்று வசிக்கிறது. ஆண் கருநிறமும் வெண்கோடுகளும் உடையது, பெண் பழுப்பு. பீட்டர்ஸி என்னும் மற்றொரு ஜாதியும் ஆசியாவில் வெகுவாய்ப் பரவியுள்ளது.

இவை இரைக்காக வலை பின்னுவதில்லை. கண்ணால் கண்டு, நூலொன்றை ஒட்டிவிட்டுத் தாவும். ஆதலின் ஒட்டடை காணாத செடியில் சிலந்தியே இல்லையென்று கொள்ளலாகாது. நன்மை செய்யும் பூச்சிகளையும் இவை விடுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் பூச்சி தோன்றுமுன்னரே விஷமருந்து தெளிப்போர் இவற்றையும் மாய்க்கின்றனர். பின்பு பெருகுவதில் பூச்சிகளே முந்திக்கொள்ளும். தெளிக்குமுன் செடியை அசைத்து, இலையின் அடிப்புறத்தையும் பார்த்தல் நலம்.