வெயிலில் தெளியும் திரை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் பகலொளியிலேயே படிக்கப்படுகின்றன. கைப்பேசித் திரையோ தன் ஒளியைத் தானே உமிழ்வதால் அதே வெயிலில் மங்கிப்போகிறது. இக்குறையை நீக்கும் எதிரொளிப்புத் திரைகளுள் முதன்மையானது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 1998இல் விவரித்த மின்மையாகும்: முடியிழைப் பருமனுள்ள நுண்குமிழ்களில், எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள் திரவத்தில் மிதக்க, மின்புலம் மேலே இழுக்கும் துகளின் நிறமே கண்ணுக்குத் தெரிகிறது, மின்சாரத்தை நிறுத்திய பின்னும் எழுத்து அழிவதில்லை. மின்தடைக்குப் பழகிய சிற்றூர்ப் பேருந்து நிலைய அறிவிப்புப் பலகைக்கு, மடியும் தன்மையைவிட இப்பண்பே மிகுதியும் தேவை.

வண்ணம்தான் கடினம். வண்ண வடிகட்டியைப் பொருத்தினால் ஒளியின் பெரும்பகுதி அதிலேயே வீணாகிறது. பலநிறத் துகள்களை ஒன்றாக அடைத்தால் நிறம் செறிந்தாலும், படம் மாறத் தாமதமாகிறது. மாற்றுவழியாக, மூலக்கூறுகள் சுருளாக அடுக்கப்பட்ட திரவப் படிகம், சாயமேதுமின்றி, சுருளின் இடைவெளிக்கேற்ற நிறத்தை எதிரொளிக்கிறது. திரவப் படிக ஆய்வில் இந்தியரின் பங்கு பெருமைக்குரியது: பெங்களூரு இராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ். சந்திரசேகரும் உடனாய்வாளர்களும் 1977இல் வட்டுவடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகத்தைக் கண்டறிந்தனர்.

மடியும் தன்மைக்கு வந்தால், அத்தகைய திரைகளில் கண்ணாடிக்குப் பதிலாக வெப்பம் தாங்கும் பாலிஇமைடு படலம் அடித்தளமாகிறது. அதன்மேல் படியும் மின்சுற்றுகள் விரிசலின்றி வளைவதற்கான பொருள்களைத் தேடும் ஆய்வு கான்பூர் ஐ.ஐ.டி.யின் நெகிழ்மின்னணுவியல் மையத்திலும் நடைபெறுகிறது.