லால்பாக் பாறையும் ஆதியாகமமும்

கர்நாடக எல்லையான அத்திபெலேயிலிருந்து ஓசூர் சாலையில் பெங்களூருக்குள் சென்றால் லால்பாக் தோட்டத்தை அடையலாம். அங்கே வெளிர் நிறமும் கருநிறமும் பட்டை பட்டையாக நெளியும் நைஸ் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். வேதாகம வம்சவரலாறுகளைக் கூட்டிக் கணக்கிட்ட அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷரோ, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று 1650இல் எழுதினார். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

ஆனால் அஷரின் கணக்கைக் கிறிஸ்தவத்தின் முடிந்த முடிவாகக் கொள்வது தவறு. படைப்பின் ஆறு நாட்களைச் சாதாரண நாட்களாகக் கொள்ள வேண்டியதில்லை என்று 5ஆம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தீன் கருதினார்.

ஆதியாகமத்தோடு மோதுவதாகச் சொல்லப்படும் பரிணாமக் கொள்கையாக 1859இல் டார்வின் முன்வைத்தது இதுதான்: ஓரினத்துக்குள் பிறவியிலேயே வேறுபாடுகள் உண்டு, சூழலுக்கு ஒத்தவை அதிகம் பிழைத்துச் சந்ததி விடுகின்றன, தலைமுறை தலைமுறையாக இனமே மாறுகிறது. கடவுள் உண்டா என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. பலர் தவறவிடும் இடம் இதுவே.

மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் கூறினார். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று 1996இல் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் உள்ளிட்ட சில சபைகள் மட்டும் ஆறு நாட்களையும் எழுத்துப்படியே ஏற்கின்றன.

இந்தியாவில் சர்ச்சை வேறு வழியில் வந்தது. 10ஆம் வகுப்பு என்சிஇஆர்டி பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதை எதிர்த்து 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டனர்.