கடற்கரைக் காட்டுச்செடியில் ஒளிந்திருந்த மரபணு

உலகச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தருவது கரும்பு அல்ல, சர்க்கரை பீட். ஐரோப்பா, ரஷ்யா, வட அமெரிக்கா என்று குளிர் அடிக்கும் நாடுகளின் பயிர் இது. நாம் பொரியல் செய்யும் பீட்ரூட்டும் இதுவும் ஒரே இனம்தான். ஆனால் இதன் கிழங்கு வெளுத்திருக்கும். எடையில் 16 முதல் 20 சதவீதம் வரை சர்க்கரை இருக்கும்.

1801இல் சைலீசியாவில் முதல் பீட் சர்க்கரை ஆலையை அமைத்தவர் ஃபிரான்ஸ் ஆச்சார்ட். அவர் காலத்தில் பொறுக்கி எடுத்த வெள்ளைக் கிழங்கின் வழித்தோன்றல்களே இன்றைய ரகங்களில் பெரும்பாலானவை. இனிப்புக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் நோயைத் தாங்கும் மரபணுக்கள் பல கைநழுவிப் போயின.

1950களில் வட இத்தாலியில் அதன் விலை தெரிந்தது. ரைசோமேனியா என்ற நோய் தாக்கிய வயல்களில் கிழங்கு பருக்கவில்லை. பக்கவாட்டில் தாடிபோல் சல்லிவேர்கள் மண்டின. சர்க்கரை அளவும் சரிந்தது. காரணம் ஒரு வைரஸ் என்று 1973இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பாலிமிக்சா என்னும் மண்வாழ் ஒட்டுண்ணி வேருக்குள் நுழையும்போது வைரஸையும் கூட்டிக்கொண்டு போகிறது. இதன் உறங்கும் வித்துகள் மண்ணில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்த்திருக்கும். மருந்தடித்துத் தீராது, பயிர் மாற்றியும் தீராது. செடியே எதிர்த்து நின்றால்தான் உண்டு.

1980களில் கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு செடி கிடைத்தது. ஹாலி சர்க்கரை நிறுவனத்தின் ஒட்டுரகங்களை நோயுள்ள நிலத்தில் சோதித்தபோது, ஒரே ரகத்தில் சில செடிகள் நலமாகவும் சில நலிந்தும் நின்றன. தாங்கும் திறன் ஒற்றை மரபணுவில் இருப்பது கலப்புச் சோதனைகளில் உறுதியானது. அதன் பெயர் ஆர்இசட்-1. அது ஓங்குபண்பு கொண்டது. தாய், தந்தை இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். ஒட்டுரக விதை தயாரிப்பவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. காலப்போக்கில் நோயுள்ள நாடுகள் பலவும் இந்த மரபணுவுக்கு மாறின.

இத்தனை லட்சம் ஏக்கரை ஒரே மரபணுவை நம்பி விட்டது ஆபத்தான ஏற்பாடு. ஆனால் அன்றைய விவசாயிக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வைரஸ் தப்பித்த விதம் வியப்பானது. பி25 என்பது வைரஸ் உருவாக்கும் ஒரு புரதம். ஆர்இசட்-1 உள்ள செடி இந்தப் புரதத்தை அடையாளம் கண்டுகொண்டுதான் எதிர்க்கிறது. புரதச் சங்கிலியில் 67 முதல் 70 வரையிலான நான்கு அமினோ அமிலங்கள் அடிக்கடி மாறக்கூடியவை. அங்கே நேர்ந்த சிறு மாற்றமே போதுமாக இருந்தது. 2000களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் ஆர்இசட்-1 ரகங்களும் நோயில் விழுந்தன.

அடுத்த காவல் டென்மார்க் கடற்கரையிலிருந்து வந்தது. கலுண்ட்போர்க் அருகே அலையோரத்தில் முளைக்கும் கடல் பீட், பயிரின் காட்டு மூதாதை. கிழங்கு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது. ஆனால் நோயைத் தாங்கும் இன்னொரு மரபணுவான ஆர்இசட்-2 அதனிடம் இருந்தது. மரபணு வரிசையில் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வழக்கமாகப் பல தலைமுறைகள் கலப்புச் செய்ய வேண்டும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சுற்றுவழியையே தவிர்த்தது. அந்தக் கரையில் வளர்ந்த செடிகளிலேயே தாங்கியவற்றையும் தாங்காதவற்றையும் பிரித்து, அவற்றின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டார்கள். 2014இல் வெளியாகியிருந்த பீட்டின் முழு மரபணு வரைபடம் அதற்குக் கைகொடுத்தது. நுண்ணறிவும் பொறுமையும் கூடிய வேலை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வும் அதுதான்.

ஆர்இசட்-2 பி25ஐப் பார்ப்பதில்லை. வைரஸ் செல்லுக்குச் செல் நகர உதவும் வேறொரு புரதத்தைக் கண்டுகொள்கிறது. அடையாளம் தெரிந்ததும் தொற்றிய செல் தன்னையே மாய்த்துக்கொள்கிறது, வைரஸ் அங்கேயே முடங்குகிறது. இரண்டு மரபணுக்களும் ஒரே செடியில் இருந்தால் வைரஸ் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் மாறியாக வேண்டும். அதனால்தான் இப்போது இரண்டையும் சேர்த்தே ரகங்களை உருவாக்குகிறார்கள்.

பீட்டை வாட்டும் மஞ்சள் நோயில் இந்த வழி எளிதில் கைகூடாது. அசுவினி பரப்பும் பல வைரஸ்கள் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. அசுவினியைக் கட்டுப்படுத்திவந்த முக்கியமான நியோநிகோடினாய்டு பூச்சிமருந்துகளை ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. 2020இல் பிரான்ஸின் பீட் வயல்கள் மஞ்சள் நோயால் கடும் சேதம் கண்டன. இந்த நோயைத் தாங்கும் திறன் பெரும்பாலும் பல மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் தேடி ஆய்வாளர்கள் மறுபடியும் கடல் பீட்டின் விதைகளிடம்தான் போயிருக்கிறார்கள்.