எம்ப்ராய்டரி மெஷினுக்குப் படம் புரியாது!

2025ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலைத் துணியில் தைக்க ஆசையா? கல்லூரியின் பொதுப் பட்டறையில் உள்ள எம்ப்ராய்டரி மெஷினுக்கு ஜேபிஜி படம் புரியாது. ஊசி எங்கெங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் தையல் பைல் தேவை. இங்க்ஸ்கேப், அதனுடன் இணையும் இங்க்ஸ்டிட்ச், இரண்டுமே இலவசம். வீட்டிலேயே இவற்றை இன்ஸ்டால் செய்து, மகாலின் வெளிக்கோட்டை வரைந்திடவும். சின்னச் சின்ன ஜன்னல்கள் வேண்டாம். நூல் ஒரே இடத்தில் குவிந்து ஊசி உடையலாம். பிரதர் மெஷின் என்றால் பிஇஎஸ், டஜிமா என்றால் டிஎஸ்டி பைலாக சேவ் செய்திடவும். டிஎஸ்டி நூலின் நிறத்தைச் சொல்லாது. வரிசையைத் தாளில் குறித்துக் கொள்ளுங்கள். பலரும் காத்திருக்கும் மெஷின் அல்லவா? பிரேம் அளவை முன்கூட்டியே கேளுங்கள். 10 செ.மீ. பிரேமில் 12 செ.மீ. டிசைன் அடங்காது.