வண்டியில் தொங்கும் அட்டை

பெங்களூரு நகரம். காலை ஏழு மணி. ஒரு தெருமுனையில் காய்கறி வண்டி நிற்கிறது. வண்டிக்காரப் பெண் விடியும் முன்பே கே.ஆர். மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்திருக்கிறார். தக்காளி, பீன்ஸ், கீரைக்கட்டு எல்லாம் வண்டியில் இருக்கின்றன.

தராசுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் கறுப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். அருகில் ஒரு சிறிய பெட்டி.

ஒருவர் வந்து தக்காளியும் கீரையும் வாங்குகிறார்.

"எவ்வளவு அக்கா?"

"முப்பத்தைந்து ரூபாய் அண்ணா."

அவர் சில்லறை தேடவில்லை. செல்போனை எடுத்து அட்டைக்கு நேராகக் காட்டுகிறார். ஏதோ எண்களைத் தட்டுகிறார். உடனே பெட்டி பேசுகிறது. முப்பத்தைந்து ரூபாய் வந்துவிட்டது என்று சொல்கிறது.

பணம் எப்படி வந்தது?

அட்டையில் இருப்பது முகவரி

அந்தக் கட்டப் படத்துக்குக் கியூ.ஆர். கோடு என்று பெயர். 1994-இல் ஜப்பான் நாட்டில் டென்சோ வேவ் என்ற நிறுவனம் இதை உருவாக்கியது. கார் உதிரி பாகங்களை அடையாளம் காண்பதற்காகச் செய்தது இது. இன்று காய்கறி வண்டிக்கு வந்துவிட்டது.

அட்டைக்குள் பணம் இல்லை. கடைக்காரரின் வங்கிக் கணக்குக்கு உரிய முகவரிதான் இருக்கிறது. கடித உறையின் மேல் முகவரி எழுதுகிறோம் அல்லவா? அதைப் போல. வாங்குபவரின் செல்போன் அந்த முகவரியைப் படிக்கிறது. அவர் தொகையை எழுதி, தன் ரகசிய எண்ணைத் தட்டுகிறார். அவருடைய வங்கி அவர் கணக்கில் பணத்தைக் கழிக்கிறது. கடைக்காரரின் வங்கி இவர் கணக்கில் சேர்க்கிறது. எல்லாம் சில நொடிகளில் முடிகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு யு.பி.ஐ. என்று பெயர். இது 2016 ஏப்ரலில் இந்தியாவில் அறிமுகமானது. அதே ஆண்டு நவம்பரில் பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் காசு இல்லாமல் மக்கள் திண்டாடினார்கள். 2020-இல் கொரோனா வந்தது. நோட்டைத் தொடவே பயந்தார்கள். இப்படித்தான் இந்த அட்டை வண்டிக்கு வண்டி பரவியது.

வங்கிக் கணக்கிலிருந்து இந்த வழியில் வரும் பணத்துக்குக் கடைக்காரர் கட்டணம் தர வேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆனால் பேசும் பெட்டிக்கு மாத வாடகை உண்டு. பெட்டியைத் தரும் ஆளிடம் வாடகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பலர் கேட்பதில்லை. பிறகு கணக்கில் பணம் குறைவதைப் பார்த்து விழிக்கிறார்கள்.

பெட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது சத்தமாகப் பேசும். இன்று என்ன வியாபாரம் என்று பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரிந்துவிடும்!

ஏமாற்றுபவர்கள்

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச மாநிலத்தின் கஜுராஹோவில் ஒரு சம்பவம் நடந்தது. கோயில்களுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. இரவோடு இரவாகச் சிலர் பல கடைகளின் அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் வாங்கியவர்கள் கொடுத்த பணம் கடைக்காரருக்கு வரவில்லை. முகவரி மாறிவிட்டது அல்லவா? பணம் செலுத்தும்போது செல்போனில் வேறு பெயர் தெரிந்தது. அதைக் கண்டுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே காலையில் கடை திறந்ததும் அட்டையைத் தடவிப் பார்க்க வேண்டும். மேலே எதுவும் ஒட்டியிருக்கிறதா? சந்தேகம் இருந்தால் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கலாம். இரவில் அட்டையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

வேறு ஒரு தந்திரமும் நடக்கிறது. பணம் அனுப்பியது போலப் பச்சை நிறத்தில் ஒரு படத்தைச் செல்போனில் காட்டுவார்கள். கூட்டமாக இருக்கும் நேரமாகப் பார்த்து வருவார்கள். அந்தப் படம் பொய்யாகவும் இருக்கலாம். பெட்டி பேசிற்றா, தன் கணக்கில் பணம் ஏறியதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கொடுப்பதற்குத்தான் தேவை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணைத் தட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அவர் திருடர். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். நேரம் போகப் போகப் பணத்தை மீட்பது கடினம்.

எழுதாத கணக்கு

அட்டை இன்னொரு வேலையும் செய்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. வரும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியில் பதிவாகிறது. நாள், நேரம், தொகை எல்லாம் இருக்கும். கடைக்காரர் நோட்டில் எழுதாவிட்டாலும் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

இது நன்மைதான். தெருவோர வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்க 2020 ஜூனில் பி.எம். ஸ்வநிதி என்ற திட்டம் தொடங்கியது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் அது 15,000 ஆனது. ஒழுங்காகத் திருப்பிக் கட்டினால் அடுத்த கடன் 25,000, அதற்கடுத்து 50,000. சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. அட்டை மூலம் பணம் வாங்குபவர்களுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. கந்துவட்டிக்காரரிடம் காலையில் வாங்கி மாலையில் வட்டியோடு கட்டும் வியாபாரிக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வியாபாரிகள் நடுங்கிப் போனார்கள். வணிகவரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. யு.பி.ஐ. மூலம் இத்தனை லட்சம் வாங்கியிருக்கிறீர்கள், ஏன் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யவில்லை என்று கேட்டிருந்தார்கள். பேக்கரிக்காரர், டீக்கடைக்காரர், காய்கறி விற்பவருக்கும்கூட வந்தது. பெங்களூரில் பல கடைகளில் அட்டை காணாமல் போனது. "ரொக்கம் மட்டும்" என்று எழுதித் தொங்கவிட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? பொருள் விற்பவர் ஓர் ஆண்டில் 40 லட்சத்துக்கு மேல் விற்றால் பதிவு செய்ய வேண்டும். டீக்கடை, ஓட்டல் போன்ற சேவைக்கு 20 லட்சம். கேட்கும்போது பெரிய தொகையாகத் தோன்றும். நாள் கணக்காகப் பாருங்கள். தினம் 11,000 ரூபாய் விற்றால் ஆண்டுக்கு 40 லட்சத்து 15 ஆயிரம். தினம் 5,500 ரூபாய் விற்றால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். இது லாபம் இல்லை, மொத்த விற்பனை. நல்ல இடத்தில் இருக்கும் டீக்கடைக்கு இது நடக்கக்கூடியதே.

பச்சைக் காய்கறி, பழம், பால் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இவற்றை மட்டுமே விற்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் வங்கியில் ஏறும் கணக்கு தொகையை மட்டுமே சொல்லும். விற்றது கீரையா, கேக்கா என்று அதற்குத் தெரியாது. ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பணமும், சீட்டு எடுத்த பணமும் அதே கணக்கில் வந்தால் அவையும் விற்பனை போலவே தெரியும்.

வியாபாரிகள் கடையடைப்புக்குத் தயாரானார்கள். முதலமைச்சர் சித்தராமையா அவர்களை அழைத்துப் பேசினார். பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், பதிவு செய்ய வேண்டியவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றார். கொதிப்பு அடங்கியது.

அட்டையைக் கழற்றியவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. பயம் அப்படி. ஆனால் ரொக்கம் மட்டும் வாங்கினாலும் சட்டத்தின் வரம்பு மாறுவதில்லை. வாங்க வருபவர்களில் பலர் பணப்பையே எடுத்து வருவதில்லை. அவர்கள் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள்.

காய்கறி வண்டிக்காரப் பெண் செய்யக்கூடியது அதிகமில்லை. வியாபாரத்துக்குத் தனியாக ஒரு வங்கிக் கணக்கு. தம்பி அனுப்பும் பணமும் சீட்டுப் பணமும் வேறு கணக்கில். இருபது ரூபாய் நோட்டு ஒன்று. இடது பக்கம் மார்க்கெட்டில் சரக்கு வாங்கிய செலவு. வலது பக்கம் அன்று விற்றது, ரொக்கம் தனி, அட்டை தனி. மண்டியில் தரும் துண்டுச் சீட்டை எறியாமல் ஓர் ஆணியில் குத்தி வைக்க வேண்டும். நாளை நோட்டீஸ் வந்தால் ஆடிட்டரிடம் எடுத்துப் போக அந்த நோட்டும் ஆணியில் இருக்கும் சீட்டுகளும் போதும். விற்றது காய்கறிதான் என்று அவை சொல்லும்.