கோடை மதியத்தில் மின்கம்பியை அளந்து பாருங்கள்

வயலுக்கு நடுவே தாழ்ந்து தொங்கும் மின்கம்பியைப் பார்த்ததும் ‘இழுத்துக் கட்டாமல் விட்டுவிட்டார்கள்’ என்றுதான் சொல்கிறோம். அது பாதி உண்மை. கம்பி ஓரளவு தொங்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு தொங்கலாம், எந்த நிலையில் அளக்க வேண்டும், அளவு மீறி ஆள் செத்தால் யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அந்த விதி தெரியாததால்தான் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் போகின்றன. போன பிறகும், கொடுத்த கருணைத் தொகையை வாங்கிக்கொண்டு குடும்பங்கள் அமைதியாகிவிடுகின்றன.

ஊரில் அதை எச்.டி. லைன் என்கிறோம். ஹை டென்ஷன். அந்தக் கம்பியில் இரண்டு வகை டென்ஷன் வேலை செய்கிறது. ஒன்று, இருபுறமும் உள்ள கம்பங்கள் அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் இழுவிசை. மற்றது, உள்ளே இருக்கும் மின்னழுத்தம். அந்தக் காலப் பொறியாளர்கள் இதையும் டென்ஷன் என்றே குறிப்பிட்டார்கள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். தெருக்கோடி டிரான்ஸ்பார்மருக்கு வருவது 11,000 அல்லது 22,000 வோல்ட். இழுவிசை தளரத் தளர, அந்த 22,000 வோல்ட் நம் தலையை நோக்கி இறங்கி வருகிறது.

துணி காயப்போடும் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நடுவில் கொஞ்சம் தொய்யும். ஒரு சொட்டுத் தொய்வும் கூடாது என்று இழுத்தால் கயிறு அறும். மின்கம்பிக்கும் அதே கதிதான். நடுவில் எஃகு இழையும் சுற்றிலும் அலுமினிய இழைகளுமாக முறுக்கப்பட்ட அந்தக் கம்பி வெயிலிலும், தன் வழியே ஓடும் மின்சாரத்தாலும் சூடேறி நீள்கிறது. நீள்வது கொஞ்சம்தான், ஆனால் தொங்கல் அந்த விகிதத்தில் நிற்பதில்லை. 300 மீட்டர் இடைவெளியில் 6 மீட்டர் தொங்கும் கம்பி, வெறும் கால் மீட்டர் நீண்டால் தொங்கல் 8 மீட்டராகிவிடும். பெரிய டவர் லைன்களில் இது சாதாரணம். சிறிய கம்பங்களில் இடைவெளி குறைவு, அதனால் தொங்கலும் குறைவு. ஆனால் அங்கே தரைக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடமும் குறைவுதான்.

ஆகவே விடியற்காலையில் அண்ணாந்து பார்த்து ‘போதிய உயரம் இருக்கிறது’ என்று முடிவு கட்டக் கூடாது. ஏப்ரல், மே மாத மதியம் இரண்டு மணிக்கு, எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்தில் அதே கம்பி வேறோர் உயரத்தில் இருக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் உயரத்தைக் கம்பி அதிகபட்சமாகத் தொங்கும் நிலையில்தான் கணக்கிடச் சொல்கின்றன. ‘நாங்கள் அளந்தபோது சரியாக இருந்ததே’ என்று அலுவலர் சொன்னால், எந்த மாதம், எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த அளவுகளை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. தெருவைக் குறுக்காகக் கடக்கும் எச்.டி. கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டராவது இருக்க வேண்டும். வீட்டு இணைப்புக்கான எல்.டி. கம்பி 5.8 மீட்டர். தெருவை ஒட்டியே நீளவாக்கில் போனால் முறையே 5.8, 5.5 மீட்டர். தெரு இல்லாத இடத்தில், உறையில்லாத 11,000 வோல்ட் கம்பி வரை 4.6 மீட்டர், அதற்கு மேல் 33,000 வரை 5.2 மீட்டர். கட்டடத்துக்கு மேலே எச்.டி. கம்பி போனால் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். பக்கவாட்டில் 11,000 வோல்ட்டுக்கு 1.2 மீட்டரும், 33,000 வரை 2 மீட்டரும் விட வேண்டும்.

கம்பி மட்டும் இறங்குவதில்லை, சாலையும் ஏறுகிறது. பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடி மறுபடி போடுவதால், ஒவ்வொரு முறையும் கம்பிக்கும் வண்டிக்கும் உள்ள தூரம் குறைகிறது. சாலை போடுவது ஒரு துறை, கம்பி கட்டுவது இன்னொரு துறை. இந்த இரண்டும் பேசிக்கொள்ளாத இடத்தில்தான் வைக்கோல் ஏற்றிய லாரி தீப்பிடிக்கிறது. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி, சிறுவர்கள் உட்பட 11 பேர் உயிரிழந்தார்கள். சாமி வீதியுலா போகும் பாதையையும் நேரத்தையும் முன்கூட்டியே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்லி, நிறுத்திவிட்டதாக உறுதி வந்த பிறகே வடம் பிடிக்க வேண்டும். அலங்கார விளக்கும் குடையும் சேர்த்துத் தேரின் உயரத்தை ஆண்டுதோறும் புதிதாக அளக்க வேண்டும். திருவிழாக் குழுக்கள் இதை ஒரு சடங்காகவே ஆக்கிக்கொண்டால் எனக்கு மகிழ்ச்சி.

இனி, கண்ணெதிரே கம்பி அறுந்து விழுந்தால் என்ன செய்வது? இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் சாகிறார்கள். வீட்டுக் கரண்ட் அடித்தவரைக் காய்ந்த கட்டையால் தள்ளிவிடலாம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அது 230 வோல்ட்டுக்குத்தான். எச்.டி. கம்பியிடம் கட்டையும் ரப்பர் செருப்பும் காப்பாகாது. அந்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், மிக அருகில் போனாலே காற்றைத் தாண்டிப் பாய்ந்துவிடும். விழுந்த கம்பியைச் சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும். கால்களை அகல வைத்து நடந்தால் ஒரு காலில் ஏறி மறுகால் வழியே இறங்கும். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டிக்கொண்டால் இரு பாதங்களையும் ஒட்டிவைத்து, தரையை விட்டு எடுக்காமல் நகர்ந்து நகர்ந்து வெளியே வாருங்கள். கம்பி வண்டிமேல் விழுந்தால் வண்டிக்குள்ளேயே இருங்கள். தீப்பற்றினால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரு காலையும் சேர்த்துக் குதியுங்கள்.

கம்பி விழுந்த உடனே பல நேரம் ஊரில் விளக்கெல்லாம் அணைந்துவிடும். ‘கரண்ட் போயிடுச்சு, இனி பயமில்லை’ என்று யாராவது கிட்டே போவார்கள். துணைமின் நிலையத்தில் இருப்பவருக்கு ஃபீடர் ‘ட்ரிப்’ ஆனது மட்டுமே தெரியும். எங்கே, ஏன் என்று தெரியாது. மரக்கிளை உரசியிருக்கும் என்று எண்ணி மறுபடி போட்டுப் பார்ப்பது நடைமுறையில் உண்டு. செத்துக் கிடந்த கம்பிக்கு அந்த நொடியில் உயிர் வந்துவிடும். எனவே முதல் வேலை போன்தான். தமிழ்நாட்டில் மின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987; 1912-லும் அழைக்கலாம். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் இடம் உடனே புரியும். லைன் நிறுத்தப்பட்டது என்று அவர்கள் வாயால் கேட்ட பிறகே ஆளைத் தொடுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே 108-க்குக் காத்திருங்கள். மின் அதிர்ச்சியில் நின்ற இதயம் திரும்பத் துடித்த கதைகள் நிறைய உண்டு.

ஸ்டே கம்பியையும் இங்கே சொல்ல வேண்டும். கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடித்துத் தரையில் ஊன்றியிருக்கும் அந்தக் கம்பியில்தான் மாட்டைக் கட்டுகிறோம், துணிக்கொடி கட்டுகிறோம். மேலே ஒரு பீங்கான் உடைந்தால், அல்லது ஒரு கம்பி நழுவி உரசினால், மின்சாரம் அதன் வழியே கீழே வர வாய்ப்புண்டு. மழைக்காலத்தில் மாடு செத்தது, அவிழ்க்கப் போன வீட்டுக்காரரும் செத்தார் என்ற செய்தியை எத்தனை முறை படித்திருப்போம்! இரும்புத் தொரட்டி, அலுமினிய ஏணி, போர்வெல் குழாய், பெயின்ட் அடிக்கும் நீளக் கம்பு ஆகியவை எச்.டி. லைன் அருகே நிமிர்த்தப்படவே கூடாது.

விபத்து நடந்துவிட்டால் பொறுப்பு யாருடையது? இதற்கு உச்ச நீதிமன்றம் 2002-ல் தெளிவான விடை சொல்லியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொழிலாளி மழை இரவில் வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். சாலையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதற்குள் அறுந்த மின்கம்பி கிடக்கிறது. சைக்கிள் அதன்மேல் ஏறியதும் கம்பி துள்ளி அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கேயே இறந்தார். யாரோ ஒருவர் கொக்கி போட்டுத் திருட்டு மின்சாரம் எடுத்ததால் வந்த வினை, எங்கள் தவறு இல்லை என்று மின்வாரியம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆபத்தான ஒன்றை ஊர் நடுவே கொண்டுசெல்லும் அமைப்பு, அதனால் விளையும் கேட்டுக்குத் தன் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இழப்பீடு 4.34 லட்சம் ரூபாய் நிலைத்தது.

அதாவது, லைன்மேன் அலட்சியமாக இருந்தார் என்று மெய்ப்பிக்கும் சுமை செத்தவர் குடும்பத்தின் தலையில் இல்லை. ஆனால் விபத்து அந்தக் கம்பியால்தான் நடந்தது என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு ஆதாரம் முதல் இரண்டு நாளில்தான் கிடைக்கும். கம்பி கிடந்த நிலை, தொங்கிய உயரம், உடைந்த பீங்கான், கம்பத்தின் எண் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துவிடுங்கள். மாலைக்குள் எல்லாம் சரிசெய்யப்பட்டுவிடும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலும் கையில் இருக்கட்டும். மின்சாரச் சட்டம் 2003-ன் 161-ஆவது பிரிவுப்படி இத்தகைய விபத்து மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அரசு அவரை விசாரித்து அறிக்கை தரச் சொல்லலாம். அந்த ஆய்வாளர் மின்வாரியத்தின் ஊழியர் அல்ல, அரசின் அலுவலர். அவருடைய அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். வழக்கில் அதைவிட வலுவான காகிதம் வேறில்லை.

புதிதாக லைன் இழுப்பதில் இரண்டு நிலைமை உண்டு. அதைக் குழப்பிக்கொண்டுதான் பலர் ஏமாறுகிறார்கள். ஊருக்குள் விநியோகத்துக்காக உங்கள் நிலத்தின் மேல் கம்பி கொண்டுபோக, 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமையாளரின் முன் ஒப்புதல் வேண்டும். நீங்கள் மறுத்தால் ஆட்சியரின் அனுமதி பெற்ற பிறகே தொடர முடியும். ஆனால் டவர் லைன்களுக்கு, அரசு மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் அதிகாரம் கொடுத்திருந்தால், ஒப்புதல் தேவையில்லை. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்து அதிகாரம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் இந்தப் பகுதியை மட்டும் மின்பாதைகளுக்காக உயிரோடு வைத்திருக்கிறார்கள். விவசாயியிடம் கேட்காமல் அவர் நிலத்தில் டவர் நடும் அதிகாரத்துக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் இன்னும் தேவைப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த 800 கிலோவோல்ட் பாதைக்குக் கொங்குப் பகுதி விவசாயிகள் அத்தனை நாள் போராடியதன் காரணமும் இதுதான். புகளூரிலிருந்து திருச்சூர் போகும் பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடிக் கேபிளாகவே போனதை அவர்கள் சுட்டிக்காட்டியதில் தவறே இல்லை.

தடுக்க முடியாவிட்டாலும் முழு இழப்பீடு கேட்கலாம். அதே தந்திச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, சேதத்தை இயன்றவரை குறைக்கவும், நேர்ந்த சேதத்துக்கு முழு ஈடு தரவும் சொல்கிறது. மத்திய மின் அமைச்சகம் 2024 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல், டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 விழுக்காடும், கம்பிக்குக் கீழுள்ள பாதைக்கு 30 விழுக்காடும் ஈடு என்கிறது. நான்கு கால்களுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 1 மீட்டர் சேர்த்தே டவர் இடம் கணக்கிடப்பட வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் ஓடும் லைனுக்கு மாநில அரசின் ஆணை என்ன சொல்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். தென்னைக்கும் தேக்கிற்கும் தனியே கணக்கு உண்டு. வெட்டுவதற்கு முன் மரங்களை எண்ணி, வயதோடு பட்டியலிட்டு, வி.ஏ.ஓ. கையெழுத்து வாங்கிவிடுங்கள். கொடுத்தது போதவில்லை என்றால் தந்திச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்கீழ் மாவட்ட நீதிபதியிடம் மனுப் போடலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லைன் முதலில் இருந்து, அதன்கீழ் நீங்கள் பிறகு வீடு கட்டினால், அல்லது இருந்த வீட்டின்மேல் மாடி எழுப்பினால், கம்பியை மாற்றும் செலவு உங்களுடையது. மனை வாங்கும்போது பத்திரத்தைப் பார்க்கும் அதே கவனத்தோடு வானத்தையும் பாருங்கள். 110 கிலோவோல்ட் லைனுக்கு 22 மீட்டர், 400 கிலோவோல்ட் லைனுக்கு 46 மீட்டர் அகலப் பாதை ஒதுக்கப்பட்டிருக்கும். மனை விற்பவர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

தாழ்ந்த கம்பி பற்றிப் புகார் எழுதும்போது கம்பத்தின் எண், கம்பியின் உத்தேச உயரம், அளந்த நாளும் மணியும், புகைப்படம் நான்கையும் சேர்த்து உதவிப் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் ஒன்று மின் ஆய்வாளருக்கும் போகட்டும். வாயால் சொன்ன புகாருக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. உயிரிழப்பு நேர்ந்த குடும்பத்துக்கு மின்வாரியம் தரும் கருணைத் தொகை, இழப்பீட்டின் உச்சவரம்பு அல்ல; அதை வாங்கியதாலேயே வழக்குப் போடும் உரிமை போய்விடாது. ‘முழுத் திருப்தி’ என்று எழுதிய எந்தத் தாளிலும் வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மைகளில் தகராறு இல்லையென்றால் நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். தகராறு இருந்தால் உரிமையியல் நீதிமன்றம். உரிமையியல் வழக்கிற்கான காலவரம்பு இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுதான். துக்கத்தில் இருக்கும் வீட்டில் அந்த 2 ஆண்டு ஓடியே போய்விடும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வழக்கறிஞரை அரசே இலவசமாகத் தரும். கணவரை இழந்த பெண் தன் வருமானத்தைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள்.