புதிதாக மோட்டார் ஓட்டுவோரும் சாலை விபத்தில் முதலுதவியும்

முற்காலத்தில் விவசாயியின் வீட்டு வாசலில் நின்றது மாட்டு வண்டி ஒன்றே. அது ஒரு மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர் சென்றால் அதிகம். குடை சாய்ந்தாலும் வண்டிக்காரன் பெரும்பாலும் சிராய்ப்போடு எழுந்து மாட்டைத் தட்டிக் கொடுத்து மேலே நடப்பான். இன்றோ அதே வாசலில் டிராக்டரும், டிரெய்லரும், மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. அவற்றை ஓட்டுவோர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளும் பண்ணை ஆட்களுமே. சில வாரங்களில் ஓட்டப் பழகி, லைசென்ஸும் பெற்று விடுகின்றனர். ஆனால் சாலையில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கும்பொழுது தாம் செய்ய வேண்டியது யாது, செய்யலாகாதது யாது என்பதை அவர்களுக்குக் கற்பிப்பார் அரியர். வண்டி ஓட்டப் பழகுவதன் மறுபாதி இதுவேயாகையால், அதனை இங்கு விவரமாக எடுத்துரைப்போம்.

ஓர் உதாரணம்

கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஆலைக்குச் செல்லும் வழியில் இரவு எட்டு மணிக்கு டயர் வெடித்து நின்றுவிட்டது என்று வைத்துக் கொள்வோம். பின்புறம் விளக்கு இல்லை. இருந்த சிவப்புப் பட்டையையும் கரும்புத் தோகை மூடியிருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வரும் வாலிபன் ஒருவன் அதன்மேல் மோதித் தொடையில் பெருங்காயத்துடன் விழுகிறான். டிராக்டர் ஓட்டியவனுக்கு வயது இருபது. கூட்டம் கூடுகிறது. ஒருவர் சோடா வாங்கி வரச் சொல்கிறார். ஒருவர் அடிபட்டவனைக் கைகால் பிடித்துத் தூக்க முயல்கிறார். ஒருவர், "போலீஸ் கேஸ், தொடாதே" என்கிறார். ஓட்டியவன் ஓடிவிடலாமா என்று எண்ணுகிறான். இந்த நால்வர் எண்ணமும் பிழையே. ஒவ்வொன்றாகக் காண்போம்.

வண்டி வழியில் நின்றால்

பழுதான வண்டியைக் கூடியவரையில் சாலையை விட்டு மண்பாதையில் இறக்கி நிறுத்துதல் வேண்டும். இயலாவிடில் நான்கு திசை விளக்குகளையும் மினுங்க விட்டு, சிவப்பு முக்கோணப் பிரதிபலிப்பானை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வைத்து, ஓர் ஆள் சாலையோரத்தில் டார்ச்சு விளக்குடன் நிற்றல் நன்று. பாறாங்கல்லையும் மரக்கிளையையும் சாலையில் வைத்து, வண்டி புறப்பட்ட பின் அவற்றை அப்படியே விட்டுச் செல்லும் வழக்கம் கொடியது. அடுத்த விபத்துக்கு அதுவே காரணமாகின்றது. சம்பா அறுவடைக் காலத்தில் நெல்லைத் தார்ச் சாலையில் காயவைத்துச் சுற்றிலும் கல் அடுக்குவதும் இத்தகையதே.

முதல் ஐந்து நிமிஷங்கள்

விபத்து நேர்ந்தவுடன் செய்ய வேண்டியவை வரிசையாகப் பின்வருமாறு:

முதலாவது, பின்வரும் வண்டிகளை எச்சரித்தல். உதவ வந்தவரே அடிபட்டால் உதவி இரட்டிப்பாகத் தேவைப்படும். மோதிய வண்டிகளின் இஞ்சினை நிறுத்துக. டீசலோ பெட்ரோலோ ஒழுகினால் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. மின்கம்பம் சாய்ந்து கம்பி அறுந்து கிடந்தால், மின்சார வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும்வரை எவரும் அருகில் செல்லலாகாது.

இரண்டாவது, 108க்குப் பேசுதல். இவ்விலவச ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. பேசுகிறவர் ஊர்ப் பெயருடன், எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர்க் கல், அருகிலுள்ள கோயில் அல்லது பாலம், அடிபட்டவர் எத்தனை பேர், எவரேனும் வண்டிக்கடியில் சிக்கியுள்ளாரா என்பவற்றைச் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் போதும் என்று கூறிய பின்னரே பேச்சை முடித்தல் வேண்டும்.

மூன்றாவது, இரத்தத்தை நிறுத்துதல். சுத்தமான வேஷ்டியையோ துண்டையோ பலவாக மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்தெடுத்துப் பார்த்தல் கூடாது. துணி நனைந்தால் அதன்மேல் மற்றொன்றை வைத்து அழுத்துக. காயத்தில் கண்ணாடியோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காமல், அதன் இருபுறமும் அழுத்துக. கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிடில் மாத்திரம், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின்மீது படாமல், அகலமான துணியால் கட்டி, அதில் ஒரு குச்சியைச் செருகி இரத்தம் நிற்கும்வரை முறுக்கிக் கட்டுக. கயிறும் கம்பியும் உதவா. கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து, வைத்தியர் பார்க்கும்வரை அவிழ்க்காதிருத்தல் வேண்டும்.

நான்காவது, மூச்சைக் கவனித்தல். நினைவிழந்து மல்லாந்து கிடப்பவனுடைய நாக்கு பின்சென்று மூச்சை அடைக்கும். இரத்தமும் வாந்தியும் அவ்வாறே. மூச்சு வந்துகொண்டிருந்து வாந்தியெடுப்பானாயின், தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்டையை உருட்டுவது போல ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மூச்சே இல்லையெனில், நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல், நெஞ்சு 5 முதல் 6 சென்டிமீட்டர் தாழும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துதல் வேண்டும். களைத்தால் ஆள் மாற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை விடாது செய்க.

செய்யலாகாதவை

அடிபட்டவனுக்குத் தண்ணீர், சோடா, காப்பி ஒன்றும் கொடுத்தலாகாது. அரை மயக்கத்தில் அது மூச்சுக்குழலில் இறங்கும்; ஆப்பரேஷனுக்கும் இடையூறாகும். கைகால் பிடித்துத் தூக்குதலும், உட்கார வைத்தலும், ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போடுதலும் கூடா. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், நாம் தூக்கும் அந்த ஒரு கணத்திலேயே அவன் வாழ்நாள் முழுவதும் கைகால் வழங்காதவனாகக்கூடும். தீ, வெள்ளம் போன்ற அபாயம் அருகில் இருந்தாலன்றி அவனை அசைக்காமல், தலையை இருகைகளாலும் அசையாது பிடித்திருப்பதே சிறந்த உதவி. ஹெல்மெட்டையும் மூச்சுத் தடைப்பட்டாலன்றிக் கழற்றலாகாது. கழற்றியே தீரவேண்டுமெனில், ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்க, மற்றொருவர் மெதுவாக உருவுதல் வேண்டும். காயத்தில் காப்பித்தூளும் சாணமும் அப்புவது நஞ்சேற்றுவதாகும்.

டிராக்டர் கவிழ்ந்தால்

வரப்பேறும்பொழுதும், வாய்க்கால் மதகிலும் டிராக்டர் பின்புறமாகவோ பக்கவாட்டிலோ கவிழ்வதுண்டு. கீழே சிக்கியவனை விடுவிக்கும் ஆத்திரத்தில் பத்துப் பேர் கூடி ஒரேயடியாகத் தூக்கி, கை நழுவி மறுபடியும் அவன்மேல் விடுவது பெருந்தீங்கு. முதலில் இஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்தி, உயர்த்த உயர்த்தக் கட்டைகளை அடுக்கிக்கொண்டே போதல் வேண்டும். கதிரடிக்கும் இயந்திரத்திலோ சுழலும் தண்டிலோ விரல் துண்டிக்கப்பட்டால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி நிறைந்த பாத்திரத்தில் வைத்து நோயாளியுடனேயே அனுப்புக. பனிக்கட்டி நேரே துண்டின்மீது படலாகாது.

ஓட்டியவரின் கடமை

விபத்தில் சம்பந்தப்பட்ட வண்டியை ஓட்டியவர் ஓடிவிடலாகாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆவது பிரிவின்படி, அடிபட்டவருக்கு வைத்திய உதவி கிடைக்க இயன்றதனைத்தும் செய்வது அவர் கடமை. கூட்டத்தின் வெறியினாலோ, தம் சக்திக்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தினாலோ இயலாதபோது மாத்திரம் சட்டம் விலக்களிக்கிறது. அப்பொழுதும் கூடிய சீக்கிரத்தில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று நடந்ததையும், உதவ இயலாமற்போன காரணத்தையும் சொல்லியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். தவறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் டிராக்டரைக் கொடுக்கும் தகப்பனாரும் கவனிக்க: 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அப்பிள்ளை செய்யும் குற்றத்துக்குக் காப்பாளருக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கும் மூன்று வருஷம் வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.

உதவுவோருக்கு அச்சம் வேண்டா

வழியே சென்றவர் உதவினால் கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைய நேரிடும் என்ற பயம் ஒரு காலத்தில் காரணமற்றதன்று. இன்று அவ்வாறில்லை. உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை அளித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, பிரதிபலன் கருதாமல் நல்லெண்ணத்துடன் உதவியவர்மேல், அவ்வுதவியில் பிழை நேர்ந்தாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ இல்லை என்கிறது. அவர் தம் பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி எவரும் கட்டாயப்படுத்தலாகாது. சாட்சி சொல்வதும் அவர் விருப்பத்தைப் பொறுத்ததே. போலீஸார் வரட்டும் என்று ஆஸ்பத்திரியார் சிகிச்சையைத் தாமதிக்கலாகாதென்பதை 1989ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.

பணமில்லையே என்ற தயக்கமும் வேண்டா. தமிழ்நாட்டு அரசாங்கம் 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசமாக அளிக்க ஏற்பட்டது. மத்திய அரசாங்கமும் 2025 மே மாதத்தில், விபத்து நாள் முதல் 7 நாட்கள்வரை, ஒருவருக்கு 1,50,000 ரூபாய்க்கு மேற்படாமல் ரொக்கமின்றிச் சிகிச்சை பெறும் திட்டத்தை அறிவித்தது.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்துத் தலைவரும் இவ்விஷயத்தில் பெரிதும் உதவக்கூடும். ஊர் வளைவிலும் மதகிலும் விபத்து அடிக்கடி நேரும் இடங்களைக் குறித்து நெடுஞ்சாலைத் துறையாருக்கு எழுதலாம். கிராம சபையில் இவ்விஷயத்தைப் பேசி, டிராக்டர் ஓட்டும் வாலிபர்களில் சிலரையேனும் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவற்றின் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, விபத்து நேர்ந்த இடத்துக்கு முதலில் சென்று கூட்டத்தை அடக்கி, ஓட்டியவன்மேல் கை விழாமல் தடுத்தல் வேண்டும். அடி விழாது என்ற நம்பிக்கையிருந்தால் அவன் ஓடமாட்டான், ஓடாதவன் உதவுவான்.

முடிவுரை

முன்சொன்ன உதாரணத்துக்குத் திரும்புவோம். டிராக்டர் ஓட்டிய அந்த இருபது வயதுப் பிள்ளை ஓடாமல், தன் துண்டை மடித்து அடிபட்டவன் தொடையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தால், ஆம்புலன்ஸ் வரும்வரை அவ்வுயிர் நிற்கக்கூடும். அதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. ஒரு துண்டும், நடுங்காத கையும், இன்னது செய்ய வேண்டும் என்ற தெளிவும் போதும். ஆகையால் விவசாயிகள், பண்ணைப் பிள்ளையிடம் டிராக்டர்ச் சாவியைக் கொடுக்குமுன் மேற்சொன்னவற்றை அவனுக்கு ஒருமுறை சொல்லி, திருப்பிச் சொல்லச் செய்து, வண்டிப் பெட்டியில் சுத்தமான துணி இரண்டும், டார்ச்சு விளக்கும், சிவப்பு முக்கோணமும் இருக்கின்றனவா என்று தாமே பார்த்து அனுப்புவார்களாக. சாலையில் கிடக்கப்போகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதை எவரும் முன்கூட்டி அறியார்.